கழுவிய கைக்குச் செய்த கைப்பிடி

என்னை யார் வீட்டுக்கும் விருந்துக்கு அழைத்துப் போக என் கணவருக்குப் பயம். போன இடத்தில் சும்மா இருக்க மாட்டேன். குழம்புக் கரண்டியைக் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்து, "இதைப் பிடிச்சா உங்களுக்கு மணிக்கட்டு வலிக்கலயா?" என்று கேட்டுவிடுவேன். ஒருமுறை பல் வைத்தியரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே, அவர் கையில் இருந்த கருவியின் பிடி மெலிசாக இருக்கிறது என்று சொல்ல முயன்றேன். எனக்கு வலிக்கிறது என்று நினைத்து அவர் இன்னொரு ஊசி போட்டார்.

என் பிழைப்பே அதுதான். தொழிற்பேட்டையில் ஒரு பிரஷ் கம்பெனியில் இருபது வருஷமாக வேலை. பெயின்ட் பிரஷ், பாட்டில் கழுவும் பிரஷ், துணி பிரஷ் எல்லாம் செய்கிறோம். முடியைப் பற்றிக் கவலைப்பட வேறு ஆள் இருக்கிறார், கைப்பிடி என் பொறுப்பு. மரத்தில் மாதிரி செய்து, அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பல பேர் கையில் கொடுத்துப் பார்த்த பிறகுதான் பிளாஸ்டிக்கில் வார்க்க அனுப்புவோம். கைப்பிடி விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்றுதான் போன வருஷம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய மார்க்கெட்டில் எனக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கும் அக்கா ஒருவர் உண்டு. கடலோரக் குப்பத்திலிருந்து வருகிறவர். விற்பதோடு விடாமல் அங்கேயே செதில் சீவி, கழுவி, துண்டு போட்டும் கொடுப்பார். அவரிடம் கூட்டம் சேருவதே அதற்காகத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கொடுவா மீனைக் காட்டினேன்.

"அது வேணாம்மா. கெளுத்தி எடுத்துக்க" என்றார்.

"எங்க வீட்ல கெளுத்தி சாப்புட மாட்டோம்க்கா."

"அப்ப வாளை எடு."

அடுத்த வாரமும் இதே கதை. மூன்றாவது வாரம்தான் எனக்கு உறைத்தது. கெளுத்திக்கும் செதில் இல்லை, வாளைக்கும் இல்லை. செதில் உள்ள மீனையெல்லாம் பலகையின் பின்பக்கம் தள்ளி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தார். நல்ல மீனை ஒளித்து வைத்து வியாபாரம் பண்ணுகிற ஒரே கடை அதுவாகத்தான் இருக்கும். என்னக்கா விஷயம் என்று கேட்டேன். வலது கைக் கட்டை விரலை மடக்கிக் காட்டினார். மடங்கியது திரும்பவில்லை. இடது கையால் பிடித்து இழுத்தார், 'டிக்' என்று நிமிர்ந்தது.

"ஆஸ்பத்திரில காட்டுனேன். மெலிசான சாமான இறுக்கிப் புடிக்காதன்றாரு டாக்டரு. கேக்கலன்னா ஆபரேசனாம். நான் வேற இன்னாத்தப் புடிக்கிறது, பூவையா? செதில் சீவித் தரலன்னா ஆளுங்க பக்கத்துக் கடைக்குப் பூடுவாங்கம்மா. அப்புறம் நான் இங்க ஒக்காந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்."

அவர் செதில் சீவுகிற சாமானை வாங்கிப் பார்த்தேன். இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடின் உடைந்த துண்டு. ஒரு முனையில் கிழிந்த துணியைச் சுற்றிச் சணல் கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் கைப்பிடி செய்கிறேன், என் கண்ணெதிரே ஒரு விரல் இப்படி வீணாகிறது.

"ரெண்டு வாரம் குடுங்கக்கா. நான் பண்ணித் தரேன்" என்றேன். அந்த டாக்டர்கூட அவ்வளவு உறுதியாகப் பேசியிருக்க மாட்டார்.

முதலாளியிடம் செதில் சீவும் பிரஷ் என்று சொல்லிச் சம்மதம் வாங்கினேன். புதுக் கைப்பிடிக்கு முதல் வேலை, களிமண் உருண்டைகளைக் கொண்டுபோய், வேலை செய்கிற கைகளில் கொடுத்துப் பிடிக்கச் சொல்வது. மண்ணில் விழுகிற அச்சைப் பார்த்தால் எந்த விரல் எங்கே அழுத்துகிறது என்று தெரிந்துவிடும். இன்ன நாளில் வருகிறேன் என்று அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். போனால் பக்கத்துக் கடைக்காரப் பெண்கள் ஏழு பேரையும் கூட்டி வைத்திருந்தார். எல்லோரும் நல்ல புடவையில், தலை வாரி, வரிசையாக நின்று மண்ணைப் பிடித்துக் கொடுத்தார்கள். எட்டு அச்சும் அழகாக விழுந்தன. இவ்வளவு நன்றாக ஒத்துழைத்தவர்களை நான் பார்த்ததே இல்லை என்று ஆபீஸில் வந்து பெருமை அடித்தேன்.

கைப்பிடியும் அப்படித்தான் வந்தது. ஒல்லியாக, விரலுக்கு விரல் பள்ளம் வைத்து, மூன்று வகை உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தேன். முனையில் எஃகுப் பல். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு போனேன். அக்கா கையில் அதே ஆக்சா பிளேடு.

"நான் குடுத்தது எங்கக்கா?"

"வூட்ல கீதும்மா. சாமி ரூம்ல வெச்சிருக்கேன். அவ்ளோ அழகா கீது, அழுக்காயிடும்ல."

ஒரு நிமிஷம் பூரித்துப் போனேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பிறகுதான், சாமி செதில் சீவுவதில்லையே என்று புத்திக்கு எட்டியது. நன்றாக இல்லையா என்று கேட்டால், "சே, சே" என்றார். வலிக்கிறதா என்று கேட்டால், மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அதை எடுத்து வரச் சொல்லி, அடுத்த வாரம் "நகருங்க, நானே சீவுறேன்" என்று அவர் இடத்தில் உட்கார்ந்தேன்.

பலகையில் ஒரு கொடுவா. இடது கையால் வாலைப் பிடித்து, வலது கையால் ஓர் இழுப்பு இழுத்தேன். இரண்டாவது இழுப்புக்குள் கையெல்லாம் மீனின் கொழகொழப்பு. மூன்றாவதில் கைப்பிடி என் கையிலிருந்து நழுவி ஒரு பக்கம் போக, மீன் இன்னொரு பக்கம் கிளம்பி, எதிரே நின்ற பெரியவரின் வெள்ளைக் கால்சட்டையில் போய் விழுந்தது. அவர் ஒரு சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். குனிந்து மீனை எடுத்துப் பலகையில் வைத்து, "பா கிராவ், பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.

அக்கா சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டேன்: "அன்னிக்கு மண்ணப் புடிச்சப்ப கை வழுக்கலயேக்கா?"

"அன்னிக்கு எல்லாரும் கை கழுவிட்டு இல்ல வந்தோம். எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சி, பவுடர்லாம் போட்டுக்கினு. கம்பெனி மண்ணு நாறிப்பூட்டா நீ இன்னா நெனப்ப?"

"சரி, ஏன் அவ்ளோ மெதுவா புடிச்சீங்க?"

"அழுத்துனா நசுங்கிடும்ல."

வளையல்காரரிடம் நீட்டுகிற மாதிரி கையை நீட்டியிருக்கிறார்கள். நான் அந்த மரியாதையை அளவெடுத்துக் கைப்பிடி செய்து, அதற்கு உப்புத்தாளும் போட்டிருக்கிறேன். கேட்டது நான், வேளை குறித்தது நான். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

மறுபடி களிமண்ணை எடுத்துக்கொண்டு போனேன். இந்தத் தடவை சொல்லாமல் கொள்ளாமல், கூட்டம் நெரிகிற நேரத்தில். அந்த ஆக்சா பிளேடைச் சுற்றியே மண்ணை அப்பி, "இதோட சீவுங்க, நசுங்கட்டும்" என்றேன். அக்கா சீவினார். நடுவில் ஒருவரிடம் பேரம் பேசினார், ஒரு பூனையைத் திட்டினார். செதிலும் கொழகொழப்பும் ஒட்டிய அந்த மண்ணைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டு பேர் சீட்டில் நான் மட்டும் தாராளமாக உட்கார்ந்து வந்தேன்.

அந்த அச்சில் விரல்களுக்கு வேலையே இல்லை. தள்ளுவதெல்லாம் உள்ளங்கையின் அடிமேடு. பிளேடு மெலிசு என்பதால், அது திரும்பாமல் பிடித்து நிறுத்துவது மட்டும்தான் கட்டை விரலின் பாடு. அந்தப் பாடுதான் அதை மடக்கிப் போட்டிருக்கிறது. ஆகவே உள்ளங்கை நிறையும்படி பருமனாகச் செய்தேன். பள்ளம் கிடையாது, அரம் பட்ட சொரசொரப்பை அப்படியே விட்டேன். உப்புத்தாளைத் தொடாமல் இருக்க எனக்கு எவ்வளவு கை அரித்தது என்று யாருக்கும் தெரியாது.

முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, சப்பிப் போட்ட மாங்கொட்டையாட்டம்?" என்றார். அக்கா இந்த முறை கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. "இத சாமியும் ஏத்துக்காதும்மா" என்று சொல்லிக் கத்திக்குப் பக்கத்தில் போட்டார்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு நான் மார்க்கெட் பக்கம் போகவில்லை. பயம்தான். இதுவும் சரியில்லை என்றால் அவர் ஆபரேஷனுக்குப் போக வேண்டும், இல்லை கடையை விட வேண்டும். அந்த முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. "காய்கறியே சாப்பிட்டு நாக்கு செத்துப்போச்சு" என்று கணவர் பையைக் கையில் திணித்த பிறகுதான் போனேன்.

அக்கா கொடுவா சீவிக்கொண்டிருந்தார். ஈரச் சாக்கு ஓரமாக மடித்துக் கிடந்தது, பலகையின் முன்பக்கம் முழுக்கச் செதில் மீன். சுற்றிலும் ஆட்கள், அவர்களில் அந்தச் சொல்தாவும் ஒருவர். என்னைப் பார்த்ததும், ஏன் இத்தனை நாள் வரவில்லை, ஐஸ் என்ன விலை விற்கிறது, மருமகள் நேற்று என்ன சொன்னாள் என்று வரிசையாகப் பேசினார். கை பாட்டுக்குச் சீவிக்கொண்டிருந்தது. அவர் கண் கையைப் பார்க்கவே இல்லை. கட்டை விரல் சும்மா மேலே படுத்திருந்தது. செதிலை உதறும்போது அது தானாக நிமிர்ந்தது, இடது கை உதவிக்கு வரவில்லை. நான் வெட்கத்தை விட்டுப் பாராட்டுக்காகக் காத்து நின்றேன். மருமகள் கதைதான் நீண்டுகொண்டே போனது. கடைசியில் நானே கேட்டேன்.

"கைப்பிடி எப்படிக்கா இருக்கு?"

அவர் சீவுவதை நிறுத்தவில்லை. "எந்தக் கைப்பிடி?" என்றார்.

கையில் இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அங்கே இருந்ததிலேயே பெரிய கொடுவாவைக் காட்டி, அதைச் சீவித் தரச் சொன்னேன். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே பேர்.