அப்பாதுரை தரையைப் பாக்காம சொன்ன பதில்

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். பெங்களூர்ல பெரிய ஆறுன்னு ஒண்ணு கிடையாது. இவ்ளோ பெரிய ஊரு, ஊருக்கு நடுவுல ஒரு ஆறு இல்ல. ஏன்னா இந்த ஊரு ஒரு மேட்டு மேல உக்காந்திருக்கு. வடக்கு தெக்கா ஓடற மேடு அது. மேல பூரா பில்டிங் கட்டிட்டதால நம்ம கண்ணுக்குத் தெரியறதில்ல. மேட்டுக்கு மேக்கால விழற மழை விருஷபாவதியில இறங்கி, அர்க்காவதியில சேந்து, காவேரிக்குப் போகுது. கெழக்கால விழறது பெல்லந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரியெல்லாம் தாண்டி தட்சிண பினாகினிக்குப் போகுது. அதே ஆறு ஓசூர் பக்கம் வந்தா தென்பெண்ணை. ஒரே மழைதான், மேட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தா ஒரு ஆறு, அந்தப் பக்கம் விழுந்தா வேற ஆறு.

இதை உள்ளங்காலால தெரிஞ்சு வச்சிருக்கற ஒருத்தர் எங்க பில்டிங்ல கீழ் வீட்டுல இருக்காரு. பேரு அப்பாதுரை. வயசு அறுவது. அவரப் பத்தி எழுதியே ஆகணும்னு தோணுது.

முப்பத்தஞ்சு வருஷமா அவரோட வேலை கம்பு புடிக்கிறது. ரோடு போட, மோரி கட்ட சர்வே பண்ண வருவாங்கல்ல? சாக்கடைய இங்க மோரின்னுதான் சொல்லுவோம். மூணு கால் ஸ்டாண்டு மேல மிஷின வச்சு ஒருத்தர் ஒரு கண்ண மூடிப் பாப்பாரு. அவரு பாக்கறது, தூரத்துல அப்பாதுரை நிமித்திப் புடிச்சிருக்கற நம்பர் போட்ட கம்பைத்தான். கம்பு கொஞ்சம் சாஞ்சாலும் அளவு தப்பாயிடும். அந்தத் தப்பு அளவுல மோரி கட்டினா தண்ணி போகாம தேங்கி, திரும்பி வீட்டுக்குள்ள வரும். அப்பாதுரை புடிச்சா கம்பு சாயாதுன்னு எல்லா காண்ட்ராக்டருக்கும் தெரியும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. தண்ணி எந்தப் பக்கம் போகும்னு யார் கேட்டாலும் உடனே சொல்ல மாட்டாரு. குத்துக்கால் போட்டு உக்காந்து, கன்னம் தரையில படற அளவுக்குக் குனிஞ்சு பாத்துட்டுதான் வாயத் தொறப்பாரு.

அவரு சம்சாரம் சந்திரம்மா. திருக்கோவிலூர் பக்கம், தென்பெண்ணைக் கரையில பொறந்தவங்க. கல்யாணம் ஆகி விவேக் நகர்ல ஒரு ஒத்த ரூம் வீட்டுக்கு வந்தாங்க. வந்த மொத வாரமே கேட்டாங்களாம்.

"ஏங்க, இன்னா ஊருங்க இது? ஒரு ஆறு கூட இல்ல?"

"ஆறு எதுக்கு? நீ பாத்திரம் கழுவி ஊத்தற தண்ணி நேரா உங்கம்மா ஊருக்குத்தான் போவுது."

"ஆமா, போவும். கூடவே ஒரு லெட்டரும் போட்டு உடுங்க."

அப்பாதுரை வாசல்ல உக்காந்து தரையப் பாத்தாரு. அப்புறம் சாக்பீஸால சிமெண்ட் தரை மேலயே வரைஞ்சு காட்டினாரு. இது நம்ம மோரி, இது ஈஜிபுரா, இது பெல்லந்தூர், இது ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் டேம், இது உங்க ஊரு. சந்திரம்மா அந்தக் கோட்டைப் பாத்துட்டே இருந்தாங்களாம். ரெண்டு நாள் தரையத் தொடைக்கவே இல்லையாம்.

அந்த வருஷத்துலருந்து ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் சந்திரம்மா மோரிக்குப் படைக்க ஆரம்பிச்சாங்க. ஊர்ல ஆத்துல விடற அதே சாமான்தான். காதோலை, கருகமணி, பூ, மஞ்சத்தண்ணி. பக்கத்து வீட்டு ஆஞ்சலா அக்கா ஜன்னல்லருந்து கத்துவாங்களாம்.

"என்னடி சந்திரா, மோரிக்கு வளகாப்பா?"

"எங்கம்மாவுக்குக் குடுத்தனுப்பறேன்க்கா. உனக்கு யாராச்சும் அந்தப் பக்கம் இருந்தா சொல்லு, சேத்தே அனுப்பறேன்."

பதினேழு வருஷம் இப்படிப் போச்சு. ரவி பொறந்தான், ஷோபா பொறந்தா. அப்புறம் 2008ல அந்த மோரிய அகலப்படுத்தணும்னு சர்வே வந்துச்சு. கம்பு புடிக்கக் கூப்பிட்டது இவரத்தான். தன் வீட்டு சுவத்துக்கே கம்ப வச்சு நின்னாரு. கொஞ்சம் சாச்சுப் புடிய்யா, கோடு தள்ளிப் போயிடும்னு கூட வேலை செய்யறவங்க காதுல சொன்னாங்க. அவரு சாய்க்கல. இடிக்கணும்னு வீட்டுல செவப்பு பெயிண்ட்ல கோடு விழுந்துச்சு. சந்திரம்மா ஒரு வார்த்தை திட்டல. பாத்திரத்தக் கட்டினாங்க, அவ்ளோதான்.

கிடைச்ச வாடகை வீடு ஸ்ரீராம்புரத்துல. எங்க பில்டிங். மேட்டுக்கு மேக்கால.

அந்த வருஷ ஆடிப்பெருக்கு அன்னிக்கு சந்திரம்மா தட்டோட வாசல்ல நின்னு கேட்டாங்க. "இங்கருந்தும் எங்க ஊருக்குத்தானே போவுது?"

அப்பாதுரை டிபன் பாக்ஸோட செருப்பு மாட்டிட்டிருந்தாரு. "ஆமா, அங்கதான்"னு சொல்லிட்டு பஸ்ஸுக்குப் போயிட்டாரு.

வீட்டையும் புடுங்கிட்டு இதையும் எப்படிப் புடுங்கறதுன்னு அன்னிக்கு நெனச்சாராம். அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம்னு வருஷம் போயிடுச்சு. ஷோபா கல்யாணம் ஆகி மேட்டுக்குக் கெழக்கால, பொம்மனஹள்ளி போனா. ஒவ்வொரு ஆடிப்பெருக்கும் சந்திரம்மா இங்க மோரியில படைச்சுட்டு, மஞ்சப் பைய எடுத்துட்டு பொண்ணப் பாக்க பஸ் ஏறிடுவாங்க.

2020 ஜூலையில அவங்கம்மா செத்துட்டாங்க. கொரோனா. தமிழ்நாட்டுக்குள்ள போக பாஸ் கேட்டாங்க, கிடைக்கல. ஷோபா தெருவையும் மூங்கில் கட்டி அடைச்சுட்டாங்க. பதினாறாம் நாள் காரியத்துக்கு சந்திரம்மா ஒரு சொம்புல பால் எடுத்துட்டு எங்க வாசலுக்கு வந்தாங்க. நான் மாடியிலருந்து பாத்தேன். மழை தூறிட்டிருந்துச்சு. மோரியோரம் உக்காந்து, "அம்மா, வாங்கிக்கோம்மா"ன்னு சொல்லி ஊத்தினாங்க. அப்பாதுரை கொடை புடிச்சுட்டு பக்கத்துல நின்னாரு. அந்தப் பால் மேக்கால ஓடறத அவரு மட்டும் பாத்துட்டே நின்னாருன்னு எனக்கு அப்போ தெரியாது.

போன தை மாசம் சந்திரம்மாவும் போயிட்டாங்க. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, ஒம்பதாம் நாள் முடிஞ்சுடுச்சு. ஐம்பத்தி நாலு வயசு.

அஸ்தி கரைக்க பஸ்சிமவாஹினின்னு முடிவாச்சு. ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்துல இருக்கு. கெழக்கு பாத்து ஓடற காவேரி அங்க மட்டும் கொஞ்ச தூரம் மேக்கப் பாத்துத் திரும்பும். அதனால அங்க கரைச்சா புண்ணியம்னு பெங்களூர்ல பாதிப் பேரு அங்கதான் போவாங்க. ரவி எல்லா ஏற்பாடும் பண்ணியிருந்தான். கார் என்னோடது, நான்தான் ஓட்டினேன். முன் சீட்டுல அப்பாதுரை, மடியில பானை. பின்னால ரவியும் ஷோபாவும்.

காலையில ஏழு மணிக்கெல்லாம் படித்துறையில நல்ல கூட்டம். ஐயர் அவசரப்பட்டாரு. "பேக மாடி சாமி, இன்னோரு குடும்பம் காத்திருக்காங்க"ன்னு பாதி கன்னடம், பாதி தமிழ்.

அப்பாதுரை கடைசிப் படியில குத்துக்கால் போட்டு உக்காந்துட்டாரு. கன்னத்தத் தாழ்த்தி தண்ணியப் பாத்தாரு. ரொம்ப நேரம்.

"இன்னா நைனா?" ரவி தோளத் தொட்டான்.

"ஆறு தானா திரும்பலடா. அங்க பாரு, பாறை. பாறை மறிக்குது, அதான் மேக்கால போவுது. அப்பால பழையபடி கெழக்கதான் போவும்."

"அதுக்கென்னா இப்ப?"

"உங்கம்மாவுக்கு நான்தான் பாறை."

அப்புறம் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. ஸ்ரீராம்புரத்து மோரி, டிபன் பாக்ஸ், அந்தப் பால். அவ இத்தனை வருஷம் அவங்கம்மாவுக்கு அனுப்பினதெல்லாம் காவேரிக்குப் போயிருக்கு, இப்ப அவளையும் காவேரியில விட என் கை வரலன்னாரு. ரவிக்கு மூஞ்சி செவந்துடுச்சு.

"பதினாறு வருஷமா ஏமாத்தினியா? ஊரு மோரிக்கெல்லாம் கரெக்டா அளவு சொல்லுவ, அம்மாகிட்ட மட்டும் பொய்யா? சரி, ரெண்டு ஆறும் கடைசியில ஒரே கடல்லதானே போய் விழுது, ஆவட்டும் வுடு!"

"அவ கடலக் கேக்கலடா. அவங்கம்மா வீட்டக் கேட்டா."

ஷோபா அதுவரைக்கும் அழுதுட்டே நின்னிருந்தா. இப்ப அவங்கப்பா பக்கத்துல ஈரப் படியிலேயே உக்காந்தா.

"நைனா, அம்மா ஆடிக்கு என் வீட்டுக்கு எதுக்கு வரும்னு நெனச்ச?"

"உன்னப் பாக்க."

"என்னப் பாக்க மட்டும் இல்ல. மஞ்சப் பையில பாதி சாமான் இருக்கும். எங்க தெரு மோரியில ஊத்தும். ஏம்மா, உங்க வீட்டுலயே ஊத்தினா போவாதான்னு கேட்டேன். உங்கப்பா பதில் சொன்னப்ப தரையப் பாக்கலடி, அதான் எதுக்கும் இங்கயும் ஊத்திடறேன்னுச்சு."

அப்பாதுரை திரும்பி ஷோபா மூஞ்சியப் பாத்தாரு.

அப்புறம் அவரு கேட்டாரு. "அந்தப் பால்?"

அந்த வருஷம் ஷோபா தெரு அடைச்சிருந்துச்சு. அந்த ஒண்ணு மட்டும் மேக்காலயே போயிடுச்சு. அது எங்க நாலு பேருக்கும் தெரிஞ்சுது.

ரவிதான் எழுந்தான். ஐயர் கையில தட்சணைய வச்சுட்டு, அவங்கப்பாகிட்டருந்து பானைய வாங்கினான். ஐயர் அதட்டினாரு, "கெளம்பின அஸ்தி திரும்ப வீட்டுக்குள்ள போகக் கூடாதுப்பா."

"வீட்டுக்குப் போவல சாமி. அவங்க ஊருக்குப் போறோம்."

வந்த வழியே திரும்பி, பெங்களூர்ல எங்கயும் நிக்காம ஓசூர் ரோடு புடிச்சோம். பொம்மனஹள்ளி தாண்டும்போது ஷோபா, அவ தெரு மோரி கலக்கற கால்வாயக் காட்டினா. அப்பாதுரை தலையத் திருப்பி அது மறையற வரைக்கும் பாத்தாரு. திருவண்ணாமலையில டீ குடிக்க நிறுத்தினப்ப ரவி ஒரு பால் பாக்கெட் வாங்கினான்.

போய்ச் சேரும்போது சாயங்காலம் நாலரை. ஆறு பூரா மணல். எதிர்க்கரையோரம் மட்டும் முழங்கால் அளவு தண்ணி ஓடிட்டிருந்துச்சு. சந்திரம்மா பொறந்த வீட்ட எப்பவோ வித்தாச்சு. புது ஓனர் பச்சை பெயிண்ட் அடிச்சிருந்தாரு. எதிர்க்கரையில அது நல்லாத் தெரிஞ்சுது.

அந்த வீட்டுலருந்து தண்ணி வர்ற பக்கமா கொஞ்சம் தள்ளி, மணல்ல நடந்து தண்ணிக்கிட்ட போனோம். ரவி பானைய நீட்டினான். அப்பாதுரை உடனே வாங்கல. குத்துக்கால் போட்டு உக்காந்து, கன்னத்த மணல்ல வச்சுப் பாத்தாரு. அப்புறம் பானை மேல கட்டியிருந்த மாலையிலருந்து ஒரு சாமந்திப் பூவப் பிச்சு தண்ணியில விட்டாரு. அது ரெண்டு சுத்து சுத்திட்டு வீட்டுப் பக்கமா நகந்துச்சு.

"பாத்துட்டேன் சந்திரா," அப்படின்னாரு. "அங்கதான் போவுது."

மொதல்ல பால ஊத்தினாரு. அது வெள்ளையா ஒரு கோடு மாதிரி பச்சை வீட்டத் தாண்டிப் போற வரைக்கும் காத்திருந்துட்டு, அதுக்கப்புறம்தான் பானைய வாங்கினாரு.