துடைப்ப வண்டிக்கு முன்னால்

எர்சிலியா பழைய செய்தித்தாள்களை நெஞ்சளவுக்கு மடித்துக்கொண்டிருந்தாள். டோலமைட் மலைக் கணவாயின் உச்சியில் காப்பிக்கடை வைத்திருப்பவள். பல நாள் நடக்கும் சைக்கிள் பந்தயம் அந்த வழியாக வரும்போதெல்லாம் கடைசியாக ஏறி வருகிறவர்களுக்குத் தாள் கொடுப்பாள். இறக்கத்துக் குளிர்காற்றில் வேர்த்த நெஞ்சு விறைக்காமலிருக்க அவர்கள் அதைச் சட்டைக்குள் செருகிக்கொள்வார்கள். முந்தி வருகிறவர்களுக்குக் கொடுக்க வேறு ஆட்கள் நிறைய உண்டு.

அன்று கடைசியாக வந்தவன் நேவியோ. முழங்காலில் ரத்தம் கசியும் கட்டு. பின்னாலேயே, பந்தயத்தைக் கைவிடுகிறவர்களை அள்ளிக்கொண்டு போகும் வண்டி, முகப்பில் ஒரு துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு வந்தது.

"தாளை வீணாக்காத எர்சிலியா, பய என் வண்டியிலதான் ஏறப்போறான்" என்றான் ஓட்டுநர் கில்டோ.

"அந்தத் துடைப்பத்தால முதல்ல உன் வண்டியைக் கூட்டு. தம்பி, சட்டையைத் திற."

"கெடு நேரம் தாண்டிப்போச்சுக்கா. கீழ போய்ச் சேர்ந்தாலும் நாளைக்கு ஓட்ட விடமாட்டாங்க."

"நாளைக்குத்தானே விடமாட்டாங்க? இன்னைக்கு இறங்கு!"

தாளைச் செருகி, முதுகைப் பிடித்துத் தள்ளினாள். அடிவாரத்தில் அவன் தன் சைக்கிளிலேயே எல்லைக்கோட்டைத் தாண்டினான்.

மறுநாள் காலை நாளிதழில் அவன் பெயர் இல்லை. எர்சிலியா அதைக் கோழிக்கூண்டின் அடியில் விரித்துவிட்டுக் கடையைத் திறந்தாள்.