சுவரைப் பார்த்து உட்கார்ந்த அண்ணி

என் அண்ணிக்குக் கவனம் போதாது என்று முதலில் சொன்னது என் அண்ணன்தான். கூடப்பிறந்தவனை விட்டுக்கொடுக்கக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். அவன் பேசுகிற பேச்சில் பாதியை அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவான். மீதியைப் பல் துலக்கிக்கொண்டே பேசுவான். அவள் "என்ன?" என்று கேட்டால் போதும், "உன் கவனமெல்லாம் எங்க இருக்கு?" என்பான். குக்கர் விசில் அடித்து ஓய்ந்தாலும் அவள் அசைய மாட்டாள். மகள் கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவாள். வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து, அவளுக்குக் கவனம் இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். மாடி வீட்டில் இருக்கும் நாத்தனார் நானும் தலையை ஆட்டினேன்.

அந்தக் கவனமில்லாதவள்தான் ஆணித் தொழிற்சாலையில் ஒற்றை ஆளாக நான்கு இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறாள். இரும்புக் கம்பியை இழுத்து, நறுக்கி, ஒரு முனையைக் கூராக்கி, மறுமுனையில் தலை தட்டி, ஆணிகளை மழையாகக் கொட்டும் இயந்திரங்கள். அந்தக் கூடத்தில் நின்று கத்தினால் கத்தியவருக்குத்தான் தொண்டை வலிக்கும். அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. கம்பி தீர்ந்துவிட்டது என்றால் விரலைச் சுழற்றுவார்கள். மேனேஜர் வருகிறார் என்றால் மூக்கைத் தொடுவார்கள். மற்றதெல்லாம் உதட்டசைவுதான். கூடத்தின் அந்தக் கோடியில் நிற்பவள் மாமியாரோடு போட்ட சண்டை, ஒரு சத்தமும் இல்லாமல் இந்தக் கோடிக்கு வந்து சேர்ந்துவிடும். அண்ணிக்கு அங்கே 'கழுகு' என்று பெயர்.

வம்பு வந்தது புது மேனேஜரால். வந்த வேகத்தில், எல்லா இயந்திரத்திலும் எச்சரிக்கை மணி பொருத்தினார். கம்பி சிக்கினால் கீச்சென்று அலறும். ஒருநாள் அலறியிருக்கிறது. அண்ணி வேறொரு இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். எதிர்வரிசைக்காரி கையை ஆட்டுவதைப் பார்த்துத் திரும்புவதற்குள் கம்பி சுருண்டு அச்சு உடைந்துவிட்டது.

"பக்கத்துலயே நின்னுக்கிட்டு எப்படிம்மா கேக்காம போகும்?" என்றார் மேனேஜர். "உங்க காது பிரமாதமா இருக்குன்னு வருஷா வருஷம் ரிப்போர்ட் வருது. அப்போ கவனக்குறைவுதானே?"

அப்படியே எழுத்திலும் எச்சரித்தார். இன்னொரு தடவை நடந்தால் பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிடுவாராம். இயந்திரங்களை மேய்த்தவளை அட்டைப்பெட்டி ஒட்ட உட்கார வைப்பது என்றால், அவளைப் பொறுத்தவரை உயிரோடு மூலையில் கிடத்துவதுதான்.

அன்று அவள் அழவில்லை. பாத்திரங்களை வைத்த வைப்பிலேயே கோபம் தெரிந்தது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. போனில் காதைப் பரிசோதிக்கும் செயலி ஒன்றை இறக்கி, அவள் காதில் ஹெட்ஃபோனை மாட்டி, ஒலி எப்போது போகிறது என்று திரையில் பார்த்தபடி எதிரே உட்கார்ந்தேன். ஒலி வரும்போதெல்லாம் அவள் கையைத் தூக்க வேண்டும். தூக்கினாள். ஒன்று விடாமல் தூக்கினாள். எல்லாம் முடிந்த பிறகுதான் பார்த்தேன், போனில் நான் சத்தத்தையே கூட்டவில்லை. அது பூஜ்யத்தில் கிடந்தது.

"அண்ணி, ஒரு சத்தமும் வரலயே. எதுக்குக் கையைத் தூக்குனீங்க?"

"ஒவ்வொரு தடவையும் உன் புருவம் ஏறிச்சு. அதான் தூக்குனேன்."

சிரித்தோம். திடீரென்று அவள் சிரிப்பு நின்றது. தொழிற்சாலைக்கு வருஷாவருஷம் வரும் பரிசோதனை வண்டியில் ஒரு கண்ணாடி அறை உண்டாம். வெளியே உட்கார்ந்து பரிசோதிப்பவர் பொத்தானை அழுத்தும்போது அவர் முழங்கை அசையும். அசைந்தால் இவர்கள் கையைத் தூக்குவார்கள். மொத்தக் கூடமும் அப்படித்தான். அது ஏமாற்று என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. கண்ணால் கேட்டே பழகியவர்களுக்கு, காதால் மட்டும் கேட்க வேண்டும் என்பது தெரியாமல் போயிருக்கிறது.

அண்ணி நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். "இப்ப வை."

சத்தத்தைச் சரியாக வைத்து மறுபடி ஓட்டினேன். தடித்த ஒலிகளுக்கெல்லாம் கை சரியாக உயர்ந்தது. ஒலி மெலிந்து மேலே போகப் போகத் தயங்கியது. பிறகு உயரவே இல்லை. நான் சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன்.

"முடிஞ்சிடுச்சா?" என்றாள் சுவரைப் பார்த்தபடி.

"இல்ல அண்ணி. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. குக்கர், மகளின் மெல்லிய குரல், கீச்சென்ற அந்த மணி என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள். பேச்சு கேட்கும், ஆனால் அதன் ஓரமெல்லாம் தேய்ந்து கேட்கும் என்றாள். இத்தனை நாள் மற்றவர்கள்தான் முணுமுணுக்கிறார்கள் என்று நினைத்திருந்தாளாம்.

"வெளிய சொல்லாதீங்க அண்ணி. காது கேக்கலன்னா கண்டிப்பா பேக்கிங்குக்குத்தான் அனுப்புவாங்க," என்றேன்.

"அனுப்பட்டும். காது போச்சுன்னு எழுதட்டும், அது நெஜம். கவனம் போச்சுன்னு எழுத விடமாட்டேன்."

மறுபடி பரிசோதிக்கச் சொல்லி மேனேஜரிடம் நின்றாள். வண்டி வந்தது. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வரைபடத்தில் கோடு பாதிவரை ஒழுங்காகப் போய், பிறகு மாடியிலிருந்து தவறி விழுந்ததுபோல் இறங்கியது. பரிசோதிப்பவர் இரைச்சலால் வந்த கேடு என்றார். போனது போனதுதான், திரும்பாது என்றார். மேனேஜர் உடனே பேக்கிங் என்றார்.

"சரி சார். எனக்குப் பின்னால நிக்கிறவங்களையும் திரும்பி உக்காரச் சொல்லுங்க. எத்தனை பேர் மிஞ்சறாங்கன்னு பாத்துட்டு அனுப்புங்க."

கூடம் அவள்மேல் பாய்ந்தது. எதிர்வரிசைக்காரி கூடத்துக்குள் இவளைப் பார்த்துப் பல நாள் உதட்டை அசைக்கவே இல்லை. "உன் ஒருத்தியோட வீம்புக்கு எங்க பொழப்புல மண்ணா?" என்று வாசலில் கேட்டாள். அண்ணிக்கு வலித்தது, ஆனால் பின்வாங்கவில்லை. பழைய பரிசோதனைகள் செல்லாது என்று பரிசோதிப்பவரும் சொல்லிவிட, எல்லாரும் திரும்பி உட்கார்ந்தார்கள். பழைய ஆட்களில் பெரும்பாலோரின் கோடும் அப்படியே விழுந்தது. அத்தனை பேரையும் பேக்கிங்குக்கு அனுப்பினால் ஆணி அடிக்க மேனேஜர்தான் வர வேண்டும். மணியோடு சிவப்பு விளக்கும் பொருத்தினார்கள். காதுக்கு நல்ல அடைப்பான்கள் கொடுத்தார்கள். அண்ணி தன் நான்கு இயந்திரங்களோடு இருந்தாள்.

வீட்டிலும் சட்டம் வந்தது. முதுகைக் காட்டிப் பேசுபவர்களுக்குப் பதில் கிடையாது. அண்ணன் இப்போது பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு, எதிரே வந்து நின்று பேசுகிறான். அண்ணி வீட்டில் காதுக் கருவி போட்டுக்கொள்கிறாள். "உங்க அண்ணன் சாப்பிடும்போது இவ்வளவு சத்தம் போடுவாருன்னு யாருமே எங்கிட்ட சொல்லலையே," என்று சில வேளை கழற்றியும் வைத்துவிடுகிறாள்.

ஆனால் எச்சரிக்கைக் கடிதம் அப்படியே இருந்தது. அதற்காக மேனேஜர் அறைக்குப் போனாள். அது கூடத்தைப் பார்த்த கண்ணாடி அறை. கதவைச் சாத்தினால் இயந்திரச் சத்தம் உள்ளே போகாது, உள்ளே பேசுவது வெளியே வராது. மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அதான் விளக்கு போட்டாச்சே, கடிதத்தையும் எடுத்துடறேன்," என்றார் கோப்பைப் புரட்டிக்கொண்டே.

"எடுத்தா மட்டும் போதாது சார். நான் கவனமாத்தான் இருந்தேன். அதை நீங்க சொல்லணும்."

"சரிம்மா, கவனமாத்தான்..." என்று கோப்புக்குள் முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்ல வேணாம். நிமிர்ந்து, என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் நிமிர்ந்தார். கண்ணாடிச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்ற அண்ணியைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, "நீங்க கவனமாத்தான் வேலை செஞ்சீங்க. நான் எழுதினது தப்பு," என்றார்.

அண்ணி கதவைத் திறந்து வெளியே வந்தபோது, எதிர்வரிசைக்காரி அந்த வார்த்தைகளைத் தன் உதட்டால் அடுத்தவளுக்குச் சொல்லி முடித்திருந்தாள்.