அண்ணைக்குப் பேர் பழக்கின கதை

எங்கட அண்ணை குணரத்தினத்தைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை பிரான்சில எங்கட சனம் நிறைஞ்ச லா சப்பல் முழுக்கத் தேடினாலும் காணேலாது. பொலிஸ்காரன் நிண்டால் பச்சை லைற் எரிஞ்சாலும் றோட்டைக் கடக்கமாட்டார். அகதி வழக்கு ரெண்டுதரம் தள்ளுபட்டு விசா இல்லாமல் நிண்டவர், கூசேன்வில்லில இருக்கிற மச்சான் துஷ்யந்தன்ரை விசா அட்டையைக் காட்டி ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில வேலைக்குச் சேர்ந்தார். ஒன்பது வருஷம்! சம்பளத் துண்டிலையும் துஷ்யந்தன், முதலாளி வாயிலையும் துஷ்யந்தன். றோட்டில ஆரும் "குணம்" எண்டு கூப்பிட்டால் மனுசன் தலையைக் குனிஞ்சுகொண்டு நடையைக் கட்டும். கூடப் பிறந்த தங்கச்சி தேவி, நான் கூப்பிட்டாலும் அதே கதைதான். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

போன வருஷம், சட்டம் படிக்கிற பிள்ளையள் இலவசமாய் வழக்குப் பாக்கினம் எண்டு கேள்விப்பட்டு அவரை இழுத்துக்கொண்டு போனன். அவையளை மேற்பார்க்க ஒரு அவுக்கா, அதுதான் வக்கீல், இருக்கிறார். ஆனால் எங்களுக்கு முன்னாலை வந்திருந்தது ரெண்டு பெட்டையள். ஒண்டு அனுஜா, எபினேயில பிறந்த எங்கட தமிழ்ப் பிள்ளை. மற்றது மனோன், பிரெஞ்சுப் பிள்ளை. ரெண்டுக்கும் இருபத்தொரு வயசு. இதுகளே என்ரை அண்ணையைக் கரைசேர்க்கப் போகுதுகள் எண்டு ரெண்டு பேரையும் மேலையும் கீழையும் பாத்தன்.

"அங்கிள், இத்தனை வருஷம் வேலை செய்ததைக் காட்டி விசா கேக்கலாம். ஆனால் துஷ்யந்தனும் நீங்களும் ஒரே ஆள் எண்டு முதலாளி கடிதம் தரவேணும்" எண்டாள் அனுஜா.

முதலாளி தருவாரே? "குணரத்தினமோ? அப்பிடி ஒருத்தரையும் எனக்குத் தெரியாது" எண்டு கையை விரிச்சார். அடுத்தநாள் மத்தியானம் பெட்டையள் கடைக்கு வந்து, ஆளுக்கொரு வடை எடுத்து, தொழிற்சட்டப் புத்தகத்தை மேசையில விரிச்சு வைச்சு ரெண்டு மணித்தியாலம் படிச்சினம். இடைக்கிடை குசினிப் பக்கம் பாத்து ஏதோ எழுதினம். சாப்பிட வந்த விசா இல்லாத சனம் இவையளை வேலைப் பரிசோதகர் எண்டு நினைச்சு மெல்ல நழுவிச்சுது. நாலு நாள் இந்தக் கூத்து. அஞ்சாம் நாள் முதலாளி, வடையோட கடிதத்தையும் கொண்டுவந்து வைச்சார்.

அதுக்குப் பிறகுதான் வில்லங்கம். விசாக் குடுக்கிற பிரெபெக்சரில நடக்கிறதை ஒத்திகை பாப்பம் எண்டு மனோன் அதிகாரியாய் இருந்து "குணரத்தினம்!" எண்டு மூண்டுதரம் கூப்பிட்டாள். அண்ணை கல்லுப்போல இருந்தார். "துஷ்யந்தன்!" எண்ட உடனே துள்ளி எழும்பினார்.

"எழும்பாட்டி அடுத்த ஆளைக் கூப்பிட்டிடுவினம். பிறகு தவணை கிடைக்க எத்தினை மாசமோ" எண்டு அனுஜா தலையில கைவைச்சாள்.

பெட்டையள் விடேல்லை. ரூ பஜோல் தெருப் பக்கம் தெரிஞ்ச கடைக்காரர் எல்லாருக்கும் சொல்லி வைச்சினம்: அண்ணையைக் கண்டால் துஷ்யந்தன் எண்டு கூப்பிடுங்கோ, திரும்பினால் அவர் உங்களுக்குத் தேத்தண்ணி வாங்கித் தரவேணும். ஐயோ, சனத்துக்கு வேற என்ன வேணும்! மரக்கறிக் கடைக்காரர் முதல் கிழமையே பதினொரு தேத்தண்ணி குடிச்சிட்டார். மூண்டாம் கிழமை ஒருத்தருக்கும் ஒரு சொட்டும் கிடைக்கேல்லை. துஷ்யந்தன் எண்டு காதுக்குள்ளை கத்தினாலும் அண்ணை அசையமாட்டார்.

தவணை நாள் அனுஜாவோட நானும் கெஞ்சிக் கூத்தாடி உள்ளை போனன். "குணரத்தினம்" எண்டு கூப்பிட்டு முடிக்க முந்தியே அண்ணை யன்னலடியில நிண்டார். எனக்குப் பெருமை தாங்கேல்லை.

அதிகாரி மனுசி சம்பளத் துண்டுகளைப் புரட்டிப் பாத்திட்டு நிமிர்ந்தா. "இந்தத் துஷ்யந்தன் ஆர்?"

"தெரியாது, மடாம்" எண்டார் அண்ணை, கண்ணைக் கூடச் சிமிட்டாமல்.

அனுஜாவின்ரை முகம் வெளிறிப்போச்சு. மனுசி பைலை மூடப் போனா. அவ்வளவு நாள் பட்ட பாடெல்லாம் என்ரை கண்ணுக்கு முன்னாலை போகுது! நான் எங்கை நிக்கிறன் எண்டதையே மறந்துபோனன்.

"அண்ணை, உங்களுக்கு விசரே? ஒன்பது வருஷம் அந்தப் பேரில வெங்காயம் உரிச்சுக் கண் அவிஞ்சது ஆருக்கு? எனக்கே? எண்ணெய் கொட்டிக் கை வெந்தது ஆருக்கு? காய்ச்சலோட சட்டி கழுவினது ஆர்? இப்ப தெரியாதாம்!"

"என்ன சொல்லுறா?" எண்டு மனுசி கேட்டா. அனுஜா ஒரு சொல்லும் விடாமல் பிரெஞ்சில சொன்னாள், விசர் எண்டதையும் சேர்த்து. மனுசி வாயைப் பொத்திக்கொண்டு அண்ணையின்ரை கையைக் காட்டச் சொன்னா. முழங்கை வரைக்கும் சுட்ட தழும்பு.

"நான்தான் மடாம்" எண்டார் அண்ணை. "பேரைக் கேட்டுப் பயந்துபோனன்."

முதலாளியின்ரை கடிதத்தை அவ திரும்ப ஒருக்கால் வாசிச்சா. பிறகு முடிவு வரும்வரைக்கும் வேலை செய்யலாம் எண்டு ஒரு தாள் அடிச்சு, கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினா. பேனையை எடுத்தவர் அப்பிடியே நிண்டார்.

"போடுங்கோவன் அண்ணை."

"தேவி" எண்டார் மெல்ல. "என்ரை கையெழுத்து எப்பிடி இருக்கும்?"

திட்டத்தான் வாயைத் திறந்தன். அழுகைதான் வந்துது. அவர் குனிஞ்சு, ஒவ்வொரு எழுத்தாய், தமிழில குணரத்தினம் எண்டு எழுதினார்.