லீசியின் கை அளவு

ஆட்டுத்தோலைக் கன்னத்தில் ஒற்றிப் பார்க்கிறார் எமில். ஈரம் போதவில்லை. நனைத்த துணியில் சுருட்டி வைத்து, பிறகு மேசை விளிம்பில் போட்டு இழுக்கிறார். எந்தப் பக்கம் எவ்வளவு நீளும் என்று விரலுக்குத் தெரிந்த பிறகுதான் கத்தரியைத் தொடுவார். தாராவியில் என் தோல் பட்டறையில் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மயிர் சுரண்டும் கூலியாக வந்து, இத்தனையும் எழுப்பியவன் நான். தோலில் எனக்குத் தெரியாதது இல்லை என்றிருந்தேன். கையுறை வெட்டுவதை மட்டும் இந்த வியன்னா நகரத்து யூதரிடம்தான் பார்த்தேன்.

எட்டு வருஷத்தில் எங்கள் திருநெல்வேலிப் பேச்சே அவருக்குத் தமிழாகிவிட்டது. கோட்டை ஒட்டிக் கத்தரி வைக்கிறவனைப் பார்த்தால், "இடம் விட்டு வெட்டும்வே! விரலு மடங்காண்டாமா?" என்று கத்துவார். "தொரை சீவலப்பேரியில பொறக்க வேண்டிய ஆளு" என்பான் மேஸ்திரி சுயம்பு. சனிக்கிழமை அவருக்கு வேலை கிடையாது. அன்று ரயிலும் ஏறமாட்டார். மராத்தி பேசும் யூதர்கள் குர்லாவில் தொழக் கூடுகிறார்கள். அங்கே நடந்தே போய்வருவார்.

ஊரை விட்டது ஏன் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். யூதர் என்பதற்காகத் தெருவில் மண்டியிட வைத்துத் தரையைத் தேய்க்கச் சொன்னார்களாம். "பிரஷ்ஷ நீட்டினானே, அவன் கையில கெடந்தது நா தைச்ச கையுறை மொதலாளி. என் தையல் எனக்குத் தெரியாதா?"

தோல்காரன் என்று ரயிலில் மூக்கைப் பொத்தி நகர்ந்து உட்காருகிறவன் காலில், என் பட்டறைத் தோலில் தைத்த செருப்பை நானும் பார்த்திருக்கிறேன்.

எமிலின் மனைவி முன்பே இறந்துவிட்டார். முப்பத்தெட்டில், எட்டு வயது மகள் லீசியை அக்காளிடம் விட்டு, அனுமதிக் காகிதம் கிடைத்ததும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லிக் கப்பலேறினார். சண்டை மூண்டு வழி அடைத்துப்போயிற்று. அன்றிலிருந்து, வருஷந்தோறும் கார்த்திகையில் அவள் பிறந்தநாளுக்கு ஒரு ஜோடி கையுறை வெட்டுகிறார். வளர்கிற கைக்கு அளவு? என் மகள் பேராச்சிக்கும் லீசி வயதுதான். அவள் கையை மேசையில் வைத்துக் கோடு இழுத்துக்கொள்வார்.

இந்த ஐப்பசியில் கடிதம் வந்தது, காணாமற்போனவர்களைத் தேடும் ஆபீசிலிருந்து. நாற்பத்திரண்டில் யூதர்களைக் கிழக்கே கொலை முகாம்களுக்கு ஏற்றிப்போன ஒரு ரயிலின் பட்டியலில் அக்காள் பேரும் லீசி பேரும் இருக்கின்றன. திரும்பியவர்கள் பட்டியலில் இல்லை. ஒரு நாளைக் குறித்து, இறந்தவர்களுக்கான ஜெபத்தைச் சொல்லிவிடும்படி குர்லாக்காரர்கள் கேட்டார்களாம். நானும் என் பங்குக்கு, "நாளு தெரியாட்டி நாங்க ஆடி அமாவாசையில எள்ளுந்தண்ணியும் எறைப்போம். நானே முன்ன நின்னு செய்யுதேன்" என்றேன்.

"செத்த நாளு எனக்குத் தெரியாது மொதலாளி. பொறந்த நாளு தெரியும். வார மாசம் பிள்ளைய ஒரு எட்டுக் கூட்டிட்டு வாரும்."

பேராச்சிக்குத் தையில் கல்யாணம். என் வீட்டுக்காரி வாசலில் மறித்து நின்றாள். "கல்யாணப் பொண்ணு கைய எழவுக்கு அளவு குடுக்கவா? ஒமக்கு என்ன கிறுக்கா?" பட்டறையே என் சொல்லுக்கு அடங்கும், அவள் அடங்கவில்லை. பேராச்சிதான் செருப்பை மாட்டினாள். "எழவுன்னு அந்த மாமாவே சொல்லல. நீ எதுக்கும்மா சொல்லுத?"

மருதாணிக் கையை மேசையில் விரித்து வைத்தாள். எமில் சுண்ணக்கட்டியால் விரல் விரலாகக் கோடு இழுத்தார். சுயம்பு எட்டிப் பார்த்து, "போன வருச அளவேதான் தொரை. பதினாறு ஆயாச்சு, இனி எங்க வளரப்போவுது" என்றான்.

எமில் கத்தரியைக் கோட்டின் மேல் வைத்தார். பிறகு எடுத்து, ஒரு நெல்லளவு வெளியே தள்ளி வைத்து, வெட்டத் தொடங்கினார்.