ஒன்றரை கிலோ தூளி

லூப் ரோடு மீன் அங்காடியில் தாயம்மாவின் தராசைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிட முடியாது. தட்டைத் துடைப்பாள், பூஜ்யம் விழுந்ததை வாங்குகிறவருக்குக் காட்டுவாள், அப்புறம்தான் மீனை வைப்பாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனாலும், ஐந்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் அவளுக்கு மனசு ஆறாது.

தராசுக்கு அடுத்தபடியாக அவள் பெருமைப்பட்டது தம்பி புகழேந்தியைப் பார்த்துத்தான். அவளைவிடப் பதினைந்து வயது இளையவன். "தம்பி இன்னா பண்றாப்ல?" என்று யாராவது கேட்டால், "நந்தனத்துல காலேஜ்ல கீறான்" என்பாள். ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவி அடுக்கும் வேலை என்பதை இரண்டாம் தரம் கேட்கிறவர்களுக்கு மட்டும்தான் சொல்வாள்.

குடுவை கழுவுகிற கை சும்மா இருந்தாலும் கால் சும்மா இருக்கவில்லை. இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஆந்திரா பக்கம் மலையேறப் போய்க்கொண்டிருந்தான் புகழேந்தி. இப்போது மேற்குத் தொடர்ச்சி மலையில் பன்னிரண்டு நாள் நடைக்குப் பெயர் கொடுத்திருந்தான்.

"மேல இன்னா சாமிடா?" என்று கேட்டாள் தாயம்மா.

"சாமி இல்லக்கா."

"அப்ப எதுக்கு நடக்குற?"

"நடக்குறதுக்குத்தான்."

படித்தவர்கள் சேர்கிற இடம், ஏதாவது காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

விஷயம் அதில்லை. பத்துப் பேருக்குத்தான் வனத்துறை அனுமதி. மழையில் ஊறிய சரிவில் கூடாரம் போடச் சமதரை கிடையாது, கீழே படுத்தால் அட்டை ஏறும். அதனால் ராத்திரி தூக்கம் இரண்டு மரத்துக்கு நடுவே தொங்கும் துணித் தொட்டிலில். தொட்டில், கயிறு, கொசுவலை, மேலே கட்டும் மழைத்துணி, முதுகுக்குக் குளிராமல் அடியில் விரிக்கும் பாய், எல்லாம் சேர்ந்து ஒன்றரை கிலோவைத் தாண்டக்கூடாது என்று குழுத்தலைவி ஜாஸ்மின் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடை பார்ப்பார்கள். தாண்டினால் இடம் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறவருக்குப் போய்விடும்.

புகழேந்தி இரவல் வாங்கி வைத்திருந்த மூட்டையைத் தாயம்மா தராசில் வைத்தாள். இரண்டு கிலோ முந்நூற்று நாற்பது.

"எண்ணூத்தி நாப்பது அதிகம்டா. இதுக்கா மொகத்த தொங்கப் போட்டுக்கினு குந்திக்கீற? எழுந்துரு, கடைக்குப் போலாம்."

தி. நகரில் மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் மாடிக்கடைக்கு அவள் தன் தராசோடு போனாள். சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவிய தராசுதான். ஆனாலும் கடைப்பையன் யாசிர் மூக்கைச் சுருக்கினான்.

"அக்கா, எடையெல்லாம் லேபிள்லயே போட்டுருக்கும். நானூத்தி முப்பது கிராம்."

"வையி, பாக்கலாம்."

தராசு ஐந்நூற்று எண்பத்தைந்து காட்டியது.

"அது துணிக்கு மட்டும் போட்ட எடைக்கா. பை, பட்டை, கொக்கி எல்லாம் தனி."

"நைனா, ஐஸ்கட்டியோட சேத்து வஞ்சரம் நிறுக்குறவனப் பாத்துக்கீறேன். மீனுல பாதிய மறைச்சிட்டு நிறுக்குறவன இப்பதான் பாக்குறேன்."

அப்புறம் கடையின் தரையில் உட்கார்ந்து, தலை வேறு செதில் வேறாகப் பிரிக்கிற மாதிரி ஒவ்வொரு தொட்டிலையும் பிரித்துப் போட்டாள். துணி ஒரு பக்கம், பை ஒரு பக்கம், கொக்கி ஒரு பக்கம். யாசிர் முதலில் தடுத்தான், பிறகு எழுதிக்கொள்ள ஆரம்பித்தான். லேபிளில் இல்லாத கணக்கு அவனுக்கும் தேவைப்பட்டது.

இருநூற்று நாற்பது கிராமில் ஒன்று இருந்தது. வெங்காயச் சருகு மாதிரித் துணி. புகழேந்தி அதை விட மனசில்லாமல் கன்னத்தில் வைத்துப் பார்த்தான்.

"இது தொண்ணூறு கிலோ வரைக்கும்தான் தாங்கும் பாஸ். நீங்க எவ்ளோ?" என்றான் யாசிர்.

"தொண்ணூத்தாறு. கெளம்ப மூணு வாரம் கீது, கொறச்சிடுவேன்."

"யாரு, நீயா?" என்றாள் தாயம்மா. "நேத்து பதினோரு துண்டு சங்கரா துன்ன வாய்டா அது. காட்டுல கிழிஞ்சி வுழுந்தா அட்டைக்குத்தான் விருந்து. எடு அந்தப் பக்கம்."

குறுக்குக் கட்டை வைத்த இன்னொன்று கிலோவைத் தாண்டியது. கடைசியில் லேபிளில் நானூற்று முப்பது என்றிருந்த நடுத்தரத்தையே எடுத்தார்கள். நூற்று எண்பது கிலோ தாங்கும், கொசுவலை அதிலேயே தைத்திருந்தது. இரும்புக் கொக்கிகளைத் தாயம்மா யாசிரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"கொக்கி இல்லாம எப்டிக்கா மாட்டுவீங்க?"

"அலையில ஆடுற படகையே கயித்துலதான் கட்டுறோம். இவன் இன்னா, படகவிடவா கனம்?"

யாசிர் புகழேந்தியை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மரியாதையாகப் பில் போட ஆரம்பித்தான்.

வீட்டுக்கு வந்ததும் குடியிருப்பின் இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில், ஜன்னல் கம்பிக்கும் எதிர்த் தூணுக்கும் நடுவே கட்டிப் பார்த்தார்கள். எவ்வளவு கனம் இழுத்தாலும் இறுகி நிற்கும், வால் நுனியைச் சுண்டினால் அவிழ்ந்துவிடும் முடிச்சு. புகழேந்தி குறுக்குவாட்டில் சாய்ந்து படுத்து, முதுகு நேராக இருக்கிறதா என்று பார்த்தான். காதில் பாட்டைச் செருகிக்கொண்டு கண்ணை மூடினான். தாயம்மா உள்ளே போய் உலை வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டுக் கோவிந்தம்மா மாடியேறி வந்தாள். அக்காளும் தம்பியும் மட்டும் இருக்கிற வீட்டு வாசலில் தூளி தொங்கியது. அது ஆடவும் செய்தது. கோவிந்தம்மா சத்தம் போடாமல் அப்படியே இறங்கிவிட்டாள். அரைமணி நேரத்தில் மூன்று பிளாக்குக்கும் சேதி போய்விட்டது. பொண்ணு பார்த்ததாகவே தெரியவில்லை, அதற்குள் பிள்ளை எப்படி என்று ஒரு கட்சி. ஆந்திரா மலைக்குப் போறேன் போறேன்னு எங்கே போனான் என்று இன்னொரு கட்சி. எப்படி வந்திருந்தாலும் பிள்ளை பிள்ளைதான் என்று கோவிந்தம்மா ஒரு வசம்பு வளையலும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு மறுபடி மேலே வந்தாள்.

"எங்கண்ணு, எஞ்செல்லம்" என்று கொசுவலையை விலக்கிக் குனிந்தாள்.

உள்ளே தாடி வைத்த ஒரு முகம் கண்ணைத் திறந்தது.

கோவிந்தம்மா போட்ட கூச்சலில் புகழேந்தி புரண்டான், புரண்டதில் அவன் கை கயிற்றின் வாலில் பட்டது. தொண்ணூற்றாறு கிலோவும் தாழ்வாரத்தில் இறங்கியது. தாயம்மா கரண்டியோடு ஓடி வந்து முதலில் துணியைத்தான் தடவிப் பார்த்தாள்.

"நல்லவேள, கிழியல."

"எனக்கு இடுப்பு போச்சிக்கா!"

"அது எடையில வராது, வுடு. இனிமே வால உள்ள சொருகி வைக்கணும்." பிறகுதான் கோவிந்தம்மாவைக் கவனித்தாள். "நீ இன்னாத்துக்கு வசம்பு எடுத்துக்கினு வந்த?"

"ஒண்ணுமில்லடி" என்றாள் கோவிந்தம்மா. சர்க்கரையை மட்டும் கொடுத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமைக்குள் மூட்டை ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. பாயைத் தோள் முதல் முட்டி வரைக்கும் மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டியிருந்தாள். மழைத்துணியின் ஓரத் தொங்கல்களைக்கூட நறுக்கிவிட்டாள். எல்லாவற்றிலும் மீன் வாசனை ஏறியிருப்பதாகத் தோன்றியதால், சாயங்காலம் எலுமிச்சம்பழம் போட்டு அலசி மொட்டைமாடியில் கடல் காற்றில் காயப்போட்டாள். விடியற்காலையில் எடுத்தபோது காய்ந்ததாகத்தான் தெரிந்தது. உலர்ந்த எடையை முன்பே குறித்து வைத்திருந்தாள், ஆயிரத்து நானூற்று இருபத்தைந்து என்று, பையோடும் கயிற்றோடும் சேர்த்து.

அந்த இடத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவளால் முடியவில்லை. பன்னிரண்டு ராத்திரி, ஆள் அரவமில்லாத காடு, தூளியில் தனியாகத் தம்பி. பிறந்த பிள்ளைக்கே தலைமாட்டில் இரும்பு வைக்காமல் தூளி கட்டுகிற வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. மீன்பிடிப் படகின் இன்ஜினிலிருந்து கழற்றிய ஒரு போல்ட்டை எடுத்து நிறுத்தாள். அறுபது கிராம். கூட்டினால் ஆயிரத்து நானூற்று எண்பத்தைந்து, எல்லைக்குள்தான். தொட்டிலின் தலைப்பக்க மடிப்புக்குள் வைத்து, வெளியே தெரியாமல் தைத்தாள். அவனிடம் சொல்லவில்லை, சொன்னால் பிடுங்கிப் போட்டுவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மைதானத்து வேப்ப மரங்களுக்குக் கீழே ஜாஸ்மின் தராசோடு காத்திருந்தாள். மடிப்புக் கலையாத சட்டை போட்ட பெண். ஒன்பது பேர் தேறிவிட்டார்கள். காத்திருப்புப் பட்டியலில் முதலாவதாக இருந்த ஒல்லி ஆள் ஒருவர் மூட்டையோடு தயாராக ஓரமாய் நின்றார்.

புகழேந்தியின் பை கொக்கியில் ஏறியது. ஆயிரத்து ஐந்நூற்று இருபது.

"சாரி புகழ்" என்றாள் ஜாஸ்மின். "இருபது அதிகம்."

"இருக்காதுங்க, எங்க அக்கா நிறுத்தது!" என்றான் அவன். அந்த ஒல்லி ஆள் ஓர் அடி முன்னால் வந்தார்.

தாயம்மா பைக்குள் கைவிட்டுத் துணியைப் பிசைந்து பார்த்தாள். ஈரம். ராத்திரி முழுக்கக் கடல் காற்றில் கிடந்த துணி முப்பத்தைந்து கிராம் தண்ணீர் குடித்திருந்தது. வானமும் மூடிக் கிடந்தது, காய வைக்க நேரமில்லை. தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். பல்லால் தையலைக் கடித்து அறுத்தாள். போல்ட்டு வெளியே வந்தது.

"யக்கா!" என்றான் புகழேந்தி. "இன்னாக்கா இது?"

"போல்ட்டுடா."

"அது தெரியுது!"

"இப்ப நிறுங்கம்மா" என்றாள் தாயம்மா, அவன் பக்கம் திரும்பாமல். ஆயிரத்து நானூற்று அறுபது. ஒல்லி ஆள் பின்னால் நகர்ந்து தன் மூட்டையைத் தோளில் மாட்டினார்.

ஜாஸ்மின் அவன் பெயருக்கு நேரே டிக் போட்டுவிட்டு, தாயம்மாவின் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"இது எதுக்குக்கா?"

"காத்து கருப்பு அண்டாதும்மா. நாங்க தூளியில இரும்பு இல்லாம வுட மாட்டோம். படிச்சவங்க சிரிப்பீங்க."

ஜாஸ்மின் சிரிக்கவில்லை. போல்ட்டை வாங்கிக் கையிலேயே எடை பார்த்தாள். முதலுதவிப் பெட்டியைத் திறந்து கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பெட்டி பொதுச்சாமான்க்கா, ஆள் கணக்குல வராது. பத்துப் பேருக்கும் ஒண்ணு போதுமில்ல?"

தாயம்மா பத்துப் பேரையும் வரிசையாகப் பார்த்தாள். மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டாள்.

"போதும்" என்றாள். "ஆனா பெட்டிய இவன் தலமாட்டுலயே வையிங்க. இவன்தான் ரொம்ப பயப்புடுவான்."