பிடியரிசி எடுத்த தங்கவயல்

வியாழக்கிழமை காலை குடியாத்தத்தில் ரயில் ஏறினேன். பவுரிங்பேட்டை வரை ஏறக்குறைய எண்பது மைல். மூன்றாம் வகுப்புக்கு ஒரு ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வாங்கினார்கள். வழியனுப்ப வந்த என் அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "திங்கட்கிழமை வந்துடும்மா. பொண்ணுங்க பள்ளிக்கூடத்துல உனக்கு எடம் சொல்லி வெச்சிருக்கேன். இனிமே எங்கியும் போவத் தேவையில்ல" என்றார். எனக்காக வீட்டின் பின்புறம் ஓர் அறையும் கட்டியிருந்தார். நானும் எங்கேயும் போகும் எண்ணத்தில் இல்லை. தங்கவயலுக்குப் போவதே நன்றி சொல்லி விடைபெற்று வரத்தான்.

அந்த நன்றி எதற்கு என்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் உபதேசியார். தென்னாப்பிரிக்காவில் நெட்டால் என்னும் நாட்டில் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்க் கூலிகளுக்கு ஊழியம் செய்ய நாங்கள் இருவரும் கப்பலேறினோம். எங்களை அனுப்பியது தங்கவயலில் உள்ள ஒரு தமிழ்ச் சபை. சபையார் எல்லோரும் சுரங்கத் தொழிலாளிகள். பஞ்ச காலத்தில் வடாற்காட்டு ஊர்களிலிருந்து பாதிப்பேர் தங்கம் வெட்ட மைசூர் ராஜ்யத்துக்கு வந்தார்கள், பாதிப்பேர் கரும்பு வெட்டக் கப்பலேறினார்கள். வந்தவர்கள் போனவர்களை மறக்கவில்லை. அந்தச் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று தனிப்பானையில் போட்டு வைப்பார்கள். அந்த அரிசியை விற்ற காசுதான் பல ஆண்டுகள் எங்களுக்கு விளக்குக்கு எண்ணெயாகவும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சிலேட்டாகவும் வந்து சேர்ந்தது. ஏற்பாடெல்லாம் வேலூரில் இருந்த போதகர் மூலமாக நடந்ததால், அனுப்பியவர்களை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர் நெட்டாலிலேயே காய்ச்சலில் போய்விட்டார். நான் மட்டும் திரும்பினேன்.

ஜோலார்பேட்டை தாண்டியதும் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு மலை ஏறியது. குப்பத்தில் காற்று குளிர்ந்துவிட்டது. நடுப்பகலில் பவுரிங்பேட்டையில் இறக்கிவிட்டார்கள். பெங்களூர்ப் பக்கம் பிளேக் நோய் பரவியிருந்த காலம் அது. பெண்களைத் தட்டி மறைப்புக்குப் பின்னால் கூட்டிப்போய், ஒரு நர்ஸ் கழுத்திலும் கையிடுக்கிலும் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகே வெளியே விட்டாள். அங்கிருந்து சுரங்கத்துக்குத் தனி ரயில்பாதை. பத்து மைல்தான். நான் கோரமண்டலில் இறங்கினேன்.

இறங்கியதும் முதலில் காதுதான் அந்த ஊரைத் தெரிந்துகொண்டது. பாறையை இடித்துப் பொடியாக்கும் மில்லின் சத்தம், நூறு உலக்கைகள் ஒரே உரலில் விழுவதுபோல. அது இரவும் பகலும் நிற்பதில்லையாம். பிறகு கண்ணுக்குத் தெரிந்தவை சுரங்க வாய்களின் மேல் நின்ற உயரமான சாரங்கள், பொடித்துத் தங்கம் எடுத்தபின் கொட்டிய சாம்பல்நிற மண்மேடுகள். காவிரியிலிருந்து மின்சாரம் கொண்டுவரப் போகிறார்கள் என்று வழியெல்லாம் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

என்னை அழைத்துப்போக வந்தவர் யாக்கோபு. சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுப்பது அவர் வேலை. சபையில் மூப்பர். என் மூட்டையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

"கேஜுக் கூண்டுல கீழ எறங்கசொல்ல எங்க செட்டு ஆளுங்க ஜெபம் பண்ணுவோம்மா," என்றார் பிறகு. "உங்க ரெண்டு பேரு பேரும் அதுல வரும். உபதேசியார் எறந்த சேதி இங்க வந்து சேர ரொம்ப நாளாச்சு. அது தெரியாம அத்தனை நாளும் அவருக்குச் சுகம் கேட்டுக்கினு இருந்தோம்."

அவர் இறந்த பின்பும் இருட்டுக்குள் இறங்கிக்கொண்டே அவருக்காகக் கேட்டவர்கள் இருந்தார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது.

ஸ்கெலட்டன் என்று அழைக்கப்படும் குடியிருப்பில் அவர்கள் வீடு. மூங்கில் தட்டிச் சுவர், குனிந்து போகும் வாசல், வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். வாசலிலேயே யாக்கோபு குரலைத் தாழ்த்தி, "ஞாயித்துக்கெழமை ஆராதனையில நீங்க பேசணும். எங்க பொண்ணு எஸ்தரையும் மருமகன் தானியேலையும் உங்க எடத்துக்கு அனுப்பலாம்னு சபை யோசிக்குது. ஜனங்களுக்குத் தைரியம் வர்ற மாதிரி நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

அவர் மனைவி ராகேல் சித்தூர்ப் பக்கத்துப் பெண். களியும் கீரையும் போட்டாள். யாக்கோபு ஷிப்டுக்குப் போன பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்த மனுஷன் உங்களண்ட இன்னா கேட்டுக்கினார்னு எனக்குத் தெரியும். நான் வேற கேக்குறேன். ஞாயித்துக்கெழமை உண்மையச் சொல்லுங்க. அழகா சொல்லாதீங்க."

"உண்மையைச் சொன்னா அனுப்ப மாட்டாங்கன்னு நெனைக்கிறீங்களா?"

"நாலு பெத்து ஒண்ணுதான் தங்கிச்சு. அது எஸ்தரு. தெனமும் இவரக் குழிக்குள்ள அனுப்பிட்டு, சங்கு ஊதி மேல வர்ற வரைக்கும் அடுப்பண்ட உக்காந்துக்கினு கீறேன். ஒருத்தருக்குக் காத்துக்கினு இருக்கவே எனக்குத் தெம்பு பத்தல. கடலுக்கு அந்தாண்ட போனவளுக்கு எந்தச் சங்கு ஊதும்?"

மூலையில் பிடியரிசிப் பானை இருந்தது. இப்படிக் கேட்டவள்தான் இத்தனை காலமும் அதில் அரிசி போட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஜட்காவில் பேத்தமங்களாவுக்குப் புறப்பட்டேன். எஸ்தரும் தானியேலும் அங்கேதான் இருந்தார்கள். தங்கவயல் சபை கடல் கடந்து எங்களை அனுப்பியதுபோல, சுற்றுக் கிராமங்களுக்கென்று அவர்களை வைத்திருந்தது. ஆறு மைல் தூரம், வண்டிக்கு நாலணா. வண்டிக்காரர் முஸ்லிம் பெரியவர். நான் போகும் இடத்தைச் சொன்னதும், "அந்தத் தமிழ்ப் பொண்ணு வூடா? என் பேத்திக்குக் கண்ணுல பூளை கட்டினப்ப அதுதாம்மா தெனம் கழுவி வுட்டுது" என்றார். பாதி வழியில் மில் சத்தம் தேய்ந்து மறைந்தது. ஏரிக்கரை வந்ததும் பச்சை வயலும் கொக்கும் தெரிந்தன. முந்தின நாள் ரயிலைவிட்டு இறங்கியதிலிருந்து என் காதுக்குக் கிடைத்த முதல் ஓய்வு.

எஸ்தருக்கு இருபது வயதுக்கு மேல் இராது. ஒரு மாட்டுக் கொட்டகையின் நிழலில் குடியானவர் வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து, துணி தைத்துக்கொண்டே தெலுங்கில் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். தன் நிலத்தில் விளைந்த கடலையை அவித்து ஒரு பெண் அவள் மடியில் கொட்டிவிட்டுப் போனாள். தானியேல் ஒல்லியான, ஆர்வமான மனிதர். நெட்டாலைப் பற்றி என்னிடம் விடாமல் கேட்டார். எந்த மாதத்தில் மழை, தோட்டத்துக்குத் தோட்டம் எவ்வளவு தூரம், துரைமார்கள் உள்ளே விடுவார்களா என்றெல்லாம். அவர் பக்கத்து ஊருக்குப் போனதும் எஸ்தர் என்னை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனாள்.

"உனக்குப் போக ஆசையா?" என்று கேட்டேன்.

"ஆசை கீது பெரியம்மா. பயமும் கீது. அவராண்ட பயத்தச் சொன்னா விசுவாசம் இல்லன்னு நெனச்சுக்குவாரு. அம்மாவாண்ட சொன்னா போவவே வேணாம்பாங்க."

"எதுக்குப் பயம்? கப்பலா, காய்ச்சலா?"

"இல்ல. ஒரு நாள் ரொம்பக் கஷ்டமாய்ட்டா, இன்னொரு பொம்பளயாண்ட போய்ச் சொல்ல முடியாதே, அதான்."

அவ்வளவு சரியாக அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அங்கே எனக்குப் பிறந்த பெண் குழந்தை இறந்தபோது தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் கரும்புக் காட்டில் இருந்தார்கள். அவர்கள் மாலையில் வருவதற்குள் நானும் என் வீட்டுக்காரரும் மட்டுமாக எல்லாம் முடித்துவிட்டோம். நான் அதை எஸ்தரிடம் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கரை முழுவதும் நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை காலை எட்டு மணிக்கு. தகரக் கூரை போட்ட கோயில். இரவு ஷிப்டு முடிந்தவர்கள் கை கால் கழுவிக்கொண்டு நேராக வந்திருந்தார்கள். கழுத்து மடிப்பில் பாறைத்தூசி இன்னும் ஒட்டியிருந்தது. பெண்கள் ஒரு பக்கம் பாயில் உட்கார்ந்து, கொண்டுவந்த அரிசியை முன்னால் வைத்த கூடையில் கொட்டினார்கள். வெளியே மில் இடித்துக்கொண்டே இருக்க, அதற்கு மேலாகக் கேட்கும்படி பாடினார்கள். அப்படி அடிவயிற்றிலிருந்து பாடும் சபையை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. தானியேலும் எஸ்தரும் முன்வரிசையில் இருந்தார்கள்.

போதகர் என்னைப் பேச அழைத்தார். யாக்கோபு கேட்டதும் நினைவில் இருந்தது, ராகேல் கேட்டதும் நினைவில் இருந்தது. எழுந்து நின்றபோது இரண்டில் எதைச் செய்வதென்று எனக்கே தெரியாது. ஆனால் அந்தத் தூசி படிந்த கழுத்துகளைப் பார்த்த பிறகு அவர்களிடம் அலங்காரமாகப் பேச வாய் வரவில்லை.

முதல் ஆண்டு முழுவதும் தோட்டத்துரை எங்களை வரிசை வீடுகளுக்குள் விடவில்லை என்று சொன்னேன். சாலையோரத்தில் நின்று, வேலை முடிந்து போகிறவர்களோடு நடந்துகொண்டே பேசினோம். பள்ளிக்கூடம் என்று நாங்கள் நடத்தியது கரும்பு வண்டி நிறுத்தும் கொட்டகையில், ஞாயிறு மட்டும். ஞானஸ்நானம் பெற்றவர்கள் கொஞ்சம்பேர்தான். ஆனால் ஊரை விட்டு வந்தபின் தன் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை, நம்பர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் என்று அழுத ஆம்பூர்க்காரர் ஒருவரை என் வீட்டுக்காரர் ஒவ்வொரு மாலையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரிப்பார் என்று சொன்னேன். அவர் அடக்கத்துக்குப் பெட்டியைத் தூக்கியது அந்த ஆம்பூர்க்காரர்தான். குழந்தையைப் பற்றியும் சொன்னேன். "இரண்டு பேரையும் அங்கே மண்ணில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். போனதற்கு நான் வருத்தப்படவில்லை. ஆனால் லேசாக இருந்தது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்" என்று முடித்து உட்கார்ந்தேன்.

யாக்கோபு தலை குனிந்திருந்தார். அப்போது பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்தாள். ஆராதனையில் பெண்கள் எழுந்து பேசும் வழக்கம் அங்கே கிடையாது. எழுந்தவள் ராகேல்.

"ஐயரே, ஒரு வார்த்தை," என்றாள் போதகரைப் பார்த்து. "அந்த அக்கா கூடப் போனா என் பொண்ணு போவட்டும். இல்லன்னா வேணாம். தனியா அனுப்ப மாட்டேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து முக்காட்டை இழுத்துக்கொண்டாள். சபை முழுவதும் என்னைப் பார்த்தது. போதகர் நல்லவர். எனக்குப் பதில் சொல்ல நேரம் வேண்டும் என்று புரிந்துகொண்டு உடனே ஜெபத்துக்கு அழைத்தார். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். விடைபெற வந்தவளைப் பிடித்துத் திரும்பக் கப்பலில் ஏற்றுவதா? அண்ணன் கட்டிய அறை கண்முன் வந்தது. அதன் ஜன்னல், வெளியே முருங்கை மரம்.

அன்று முழுவதும் அந்த வீட்டில் யாரும் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. திங்கட்கிழமை விடியற்காலை ராகேல் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"எல்லார் முன்னாலயும் உங்கள மாட்டி வுட்டுட்டேன். தப்புதான். வேணாம்னு சொல்லுங்க அக்கா, எனக்குக் கோவம் வராது."

ஆனால் இரவெல்லாம் என் மனதில் ஏரிக்கரையில் எஸ்தர் சொன்னதுதான் இருந்தது. அவள் பயந்தது ஒரே ஒரு காரியத்துக்கு. அந்த ஒன்றை என்னால் தீர்க்க முடியும். எனக்கு நெட்டால் தெரியும், எந்தத் தோட்டத்தில் எந்த வாசல் திறக்கும் என்று தெரியும். குடியாத்தத்துப் பள்ளிக்கு வேறு ஆசிரியை கிடைப்பாள்.

"போறேன்," என்றேன். "எஸ்தர் அங்க கால் ஊன்றும் வரைக்கும் கூட இருக்கேன். ஆனா பேத்தமங்களாவை யார் பார்த்துக்குவாங்க? அந்தப் பொம்பளைங்க அவளைத் தேடுவாங்களே."

ராகேல் குடத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"நான் போறேன்," என்றாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. தெலுங்கு பேச வரும். இங்க குந்திக்கினு சங்குக்குக் காத்துக்கினு இருக்கறதுக்கு, வாரத்துல ஒரு நாளு அங்க போயிட்டு வரலாம்."

ஷிப்டு முடிந்து வந்த யாக்கோபு விஷயத்தைக் கேட்டுத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். மனைவியைக் காட்டி, "இவளா?" என்று மட்டும் கேட்டார். "நான்தான், வந்து சாப்பிடு" என்றாள் ராகேல்.

மதிய ரயிலில் திரும்பினேன். நான் அறிந்த தமிழர்கள் இரண்டு தேசங்களில் அடுத்தவருக்காகப் பூமியைக் கிளறுகிறார்கள். ஓரிடத்தில் மேலே கரும்பு, ஓரிடத்தில் கீழே தங்கம். கரும்பின் இனிப்பிலும் தங்கத்தின் மினுக்கிலும் அவர்களுக்குப் பங்கு குறைவு. ஆனாலும் ஓரிடத்தார் இன்னோரிடத்தாருக்கு அனுப்ப ஏதோ ஒன்றை மிச்சம் பிடிக்கிறார்கள். குடியாத்தத்தில் எங்கள் சபைக்குச் சொந்தக் கட்டடமும் நிலமும் உண்டு. நாங்கள் இதுவரை யாரையும் எங்கேயும் அனுப்பியதில்லை. அண்ணனிடம் முதலில் இதைத்தான் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டார், இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் என் டிரங்குப் பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கி வந்தார்.

நாங்கள் மூவரும் அந்த ஆண்டே சென்னையில் கப்பலேறினோம். நாங்கள் நெட்டாலுக்கு வந்து சேர்ந்த பிறகு, யாக்கோபு ஒரு செய்தி எழுதியிருந்தார். ராகேல் பேத்தமங்களாவுக்குப் போன முதல் வாரம், என்ன பேசுவதென்று தெரியாமல் அந்தப் பெண்களிடம் கடலுக்கு அப்பால் போன மகளைப் பற்றிச் சொல்லி அழுதுவிட்டாளாம். போன காரியம் கெட்டது என்று நினைத்து வீடு திரும்பினாளாம். அடுத்த வாரம் போனபோது கொட்டகை நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்களாம். எஸ்தரைப் பற்றிச் சேதி வந்ததா என்று கேட்க வந்தவர்கள்.